உங்களுக்குத் தெரியுமா? புளித்த மாவும் சுக்கும்

ஐப்பசி மழையில் உத்திரமேரூர் ஏரிக்கு நீர் வரத்து தொடங்கும் நாட்களில்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரங்கள் இலை உதிர்க்கின்றன. அங்கே வீட்டு அவன்களில் பட்டையும் கிராம்பும் இஞ்சியும் மணக்கும் பிஸ்கட் வேகும் காலம் அது. அண்மைக் காலமாக அந்த பிஸ்கட் மாவில் ஒரு கரண்டி புளித்த மாவும் சேருகிறது. ரொட்டிக்காக வீட்டில் வளர்க்கும் சவர்டோ மாவு. மழை, புளிப்பு, காரம் மூன்றும் ஒன்றாக வருவது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் பழக்கமான விஷயம். அதற்காக 'இதெல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்தது' என்று மார்தட்டப் போவதில்லை. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

★ கோதுமை மாவையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து மூடி வையுங்கள். தினமும் பாதியை எடுத்துவிட்டு, அதே அளவு புது மாவும் தண்ணீரும் சேருங்கள். ஓரிரு வாரத்தில் அது தானாகப் பொங்கத் தொடங்கும். அதுதான் தாய்மாவு. உள்ளே குடியிருப்பவை காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும். ஒரு ஈஸ்ட்டுக்கு நூறு பாக்டீரியா என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ரொட்டியை உப்ப வைப்பதில் ஈஸ்ட்டுக்குப் பெரும்பங்கு, புளிக்க வைப்பதில் பாக்டீரியாவுக்கு.

★ தினமும் எடுத்துவிடுகிறோமே அந்தப் பாதி, அதை எறிய மனம் வராமல்தான் சவர்டோ பிஸ்கட் பிறந்தது. பசியோடு கிடக்கும் பழைய மாவுக்கு ரொட்டியைத் தூக்கி நிறுத்தும் சக்தி இருக்காது. பிஸ்கட் உப்ப வேண்டியதில்லை என்பதால் அங்கே அது ஒரு குறையில்லை. புளிப்புச் சுவை மட்டும் போதும். வெல்லத்தின் தித்திப்பை ஒரு பிடி அடக்கிக் காட்டவும் சுக்கின் காரத்தைத் தூக்கிக் கொடுக்கவும் அந்தப் புளிப்பு உதவுகிறது.

★ காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் இட்லியைப் பார்த்திருக்கிறீர்களா? வட்டமான இட்லி இல்லை அது. மந்தாரை இலை பரப்பிய உயரமான மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, மூன்று மணி நேரம்வரை ஆவியில் வேகவைக்கிறார்கள். அதனால் குடலை இட்லி என்றும் கோவில் இட்லி என்றும் பெயர். பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்ப்பார்கள். வெளியே எடுத்தால் ஒரு முழ உருளை. அதைத் துண்டு போட்டுத்தான் பரிமாற முடியும்.

சாதாரண இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும். இதற்கு வேண்டாம். காரமும் மணமும் மாவுக்குள்ளேயே இருக்கின்றன. கையில் எடுத்துக் கடித்துத் தின்னலாம், வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டும் போகலாம். புளித்த மாவில் மசாலாவைக் கலந்து, தனியாகவே தின்னும் பண்டமாக்குவது என்ற வகையில் சவர்டோ மசாலா பிஸ்கட்டுக்கு நம் மாவட்டத்தில் கிடைக்கும் மிக நெருங்கிய சொந்தம் இதுதான். ஓட்டல்களில் அதே பெயரில் டம்ளரில் வார்த்துத் தரும் மஞ்சள் நிற இட்லி வேறு சங்கதி. மந்தாரை இலையின் மணம் இல்லாத எதையும் காஞ்சிபுரம் இட்லி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

★ 'இட்லி மாவுதான் தமிழர்களின் சவர்டோ' என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பாதிதான் சரி. கோதுமை மாவு பொங்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது குளூட்டன் என்ற புரத வலை. அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் கிடையாது. உளுந்தின் புரதமும் அதிலுள்ள வழவழப்பான கூட்டுச்சர்க்கரைப் பொருளும் சேர்ந்துதான் நுரையைத் தாங்குகின்றன. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாவது அதனால்தான். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ரொட்டியை உயர்த்துவது முக்கியமாக ஈஸ்ட் என்றால், இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முன்னால் நிற்பது லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா. அமிலத்தையும் கரியமில வாயுவையும் அதுவே உண்டாக்கிவிடுகிறது. ஈஸ்ட் வந்தாலும் வராவிட்டாலும் இட்லி நடக்கும்.

★ அந்த பாக்டீரியா எங்கிருந்து வருகிறது? 'கைராசி' என்பார்கள். உப்புப் போட்டுக் கையால் கலக்கினால்தான் பொங்கும் என்று பாட்டிமார் சத்தியம் செய்வார்கள். ஆராய்ந்தவர்கள் கண்டது, உளுந்திலும் அரிசியிலுமே அது ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான். கை கெடுதல் செய்யாது. பெருமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது.

★ உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது குடவோலை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் சொல்லும் ஊர்ச்சபைத் தேர்தல் முறை அது. 30 குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இடுதல், சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் செய்தல், 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் என்ற விதி எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டன. ஏரியைக் கவனிக்கத் தனியாக ஏரி வாரியம் என்றொரு குழுவும் இருந்தது.

இட்லியின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் போய் நிற்கும் ஆண்டும் கிட்டத்தட்ட அதுதான். கன்னடத்தில் சிவகோட்டியாச்சாரியார் எழுதிய 'வட்டாராதனை'யின் காலத்தைச் சுமார் 920 என்பார்கள். அதில் 'இட்டலிகே' என்ற பண்டம் வருகிறது. ஆனால் அது உளுந்துப் பண்டம் என்றும், அரிசி சேர்த்ததற்கோ மாவைப் புளிக்கவைத்ததற்கோ பழைய கன்னட நூல்களில் சான்று இல்லை என்றும் உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா சுட்டிக்காட்டினார். ஆக, குடவோலை போட்ட உத்திரமேரூர்க்காரர்கள் காலையில் இன்றைய இட்லியைத் தின்றார்கள் என்று கதை கட்ட வழியில்லை.

★ தீபாவளி அமாவாசையில் கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகள் காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் நிறைய. நோன்புக்கு 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, நோன்புக் கயிறு. அந்த வாரம் தெருவில் நடந்தால் எந்த வீட்டில் பாகு காய்ச்சுகிறார்கள் என்று மூக்கே சொல்லிவிடும்.

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் பரப்பி, ஈரம் முழுக்கப் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் உருட்ட வர வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, மாவைக் கொட்டிக் கிளறி, ஏலக்காயும் சுக்குப் பொடியும் சேர்த்து, துணி கட்டி மூடி வைப்பார்கள். உடனே தட்டிச் சுட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். குறைந்தது ஒரு நாள், பலர் வீட்டில் மூன்று நாள், மாவு ஊறியாக வேண்டும். மாவு பாகின் ஈரத்தை மெல்ல உறிஞ்சி இளகும். கூடுதலாக நாள்பட்டால் லேசான புளிப்பும் ஏறும். அதைக் குற்றமாக நினைப்பவர்களும் உண்டு, அந்தப் புளிப்புக்காகவே தள்ளிப் போடுபவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி.

★ அதே 'மாவை ஊறப்போடும்' வித்தை ஜெர்மனியிலும் இருக்கிறது. நூரம்பர்க் நகரத்தின் லெப்குகன் என்ற மசாலா பிஸ்கட்டில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், சோம்பு, இஞ்சி, ஜாதிக்காய் எல்லாம் சேரும். பழைய முறையில் தேனையும் மாவையும் பிசைந்து குளிர்ந்த இடத்தில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வைத்துவிடுவார்கள். அதற்குள் மாவில் மெல்ல அமிலம் ஊறும். பிறகு பொட்டாஷ் உப்பைச் சேர்த்தால், அந்த அமிலத்தோடு சேர்ந்து அது வாயுவைக் கிளப்பும். நூரம்பர்க் லெப்குகன் என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1996 முதல் பாதுகாப்பு வழங்கியிருக்கிறது.

★ இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் நவம்பர் 5 இரவு பட்டாசு கொளுத்தி, சொக்கப்பனை போல நெருப்பு வளர்ப்பார்கள். அன்றைக்குத் தின்பது பார்க்கின் என்ற ஓட்ஸ் இஞ்சி கேக். செய்த அன்றே தின்றால் வறட்டென்று இருக்கும். சில நாள் டப்பாவில் கிடந்தால்தான் பதமாகும்.

★ புளித்த மாவைப் பற்றியும் மிளகைப் பற்றியும் ஒரே ஆள் எழுதி வைத்திருக்கிறார் என்றால் நம்புவீர்களா? ரோமாபுரியின் பிளினி. வெசூவியஸ் எரிமலை வெடித்த 79 ஆம் ஆண்டில் இறந்தவர். அவருடைய 'இயற்கை வரலாறு' நூலில் ரொட்டிக்கு உறை மாவு செய்யும் முறைகள் வருகின்றன. சிறுதானிய மாவைப் புதுத் திராட்சைச் சாற்றில் பிசைந்து வைத்தால் ஓராண்டு தாங்கும் என்கிறார். தம் காலத்தில் பெரும்பாலோர் முந்தின நாள் மாவில் கொஞ்சம் எடுத்து வைப்பதோடு சரி என்றும் சொல்கிறார். நம் வீடுகளில் பழைய மாவில் ஒரு கரண்டியைப் புது மாவில் கலப்பது நினைவுக்கு வருகிறதா?

அதே நூலில் மிளகு விலைப் பட்டியலும் இருக்கிறது. ஒரு ராத்தல் திப்பிலி 15 தெனாரியஸ், வெள்ளை மிளகு 7, கரு மிளகு 4. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்ற புலம்பல் வேறு. காரமாக இருக்கிறது என்பதற்காகவா இவ்வளவு விலை என்று அவருக்கு எரிச்சல். அன்றைக்குக் கரு மிளகைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு விலை போன திப்பிலிதான் இன்றைக்குத் தீபாவளி லேகியத்துக்காக ஆண்டுக்கொரு முறை நாட்டு மருந்துக் கடையில் நாம் கேட்டு வாங்குவது.

★ பட்டைத் தூளைப் புளிக்கும் மாவில் முதலிலேயே கொட்டினால் மாவு சோர்ந்துவிடும். பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு ஈஸ்ட்டின் வளர்ச்சியைத் தடுக்கும். கிராம்பின் யூஜினாலும் கிருமிகளுக்கு ஆகாத சரக்கு. ஆகவே மாவு தனியே புளிக்கட்டும், மசாலா கடைசியில் சேரட்டும். புளிப்பும் மசாலாவும் தட்டில்தான் நண்பர்கள், பாத்திரத்தில் இல்லை. இந்தத் துணுக்குகளில் ஒன்றை மட்டும் சமையலறைச் சுவரில் எழுதி வைப்பதானால் இதை எழுதலாம்.

★ சுக்கு, காய்ந்த இஞ்சி மட்டுமில்லை. இஞ்சி உலரும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஷோகாலின் காரம் அதிகம். பிஸ்கட்டுக்கு இஞ்சிச் சாறு சரிவராது, சுக்குப் பொடிதான் சரி.

★ தமிழ்நாட்டிலேயே, பேக்கரி அடுப்பிலேயே, புளித்த தாய்மாவை நம்பி நடக்கும் ஒரு பண்டம் உண்டு. ஊட்டி வர்க்கி. வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே அடுக்கடுக்காக, டீயில் தோய்த்தால் கரைகிற அந்த வர்க்கிதான். அதற்குக் கடை ஈஸ்ட் போடுவது பழைய முறையில்லை. வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை கலந்து புளிக்கவைத்த மாவு ஒன்றைத் தயாரித்து, அதை மைதாவோடு பிசைந்து ஊறவிட்டு, கொழுப்புத் தடவி மடித்து, வெட்டி, விறகு அடுப்பில் சுடுகிறார்கள். வாழைப்பழத்தின் சர்க்கரை நுண்ணுயிர்களுக்குத் தீனி, பழத்தோடு வருவதே ஒரு நுண்ணுயிர்க் கூட்டம். ஊட்டியின் குளிரும் தண்ணீரும் இல்லாமல் அந்தப் பதம் வராது என்று அங்குள்ள பேக்கரிக்காரர்கள் சொல்வார்கள்.

2023 ஆம் ஆண்டு மணப்பாறை முறுக்கோடும் மார்த்தாண்டம் தேனோடும் சேர்ந்து ஊட்டி வர்க்கிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சவர்டோ பிஸ்கட்டை வெளிநாட்டு விந்தை என்று நினைப்பவர்கள் மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏறினால் போதும்.

★ சான்பிரான்சிஸ்கோக்காரர்களும் இப்படித்தான். தங்கள் ஊர் மூடுபனி இல்லாமல் அந்தப் புளிப்பு வராது என்பார்கள். அங்கே 1849 இல் தொடங்கிய பூடின் பேக்கரி, அன்றைய தாய்மாவின் வாரிசையே இன்றும் பயன்படுத்துவதாகச் சொல்கிறது. 1906 நிலநடுக்கத்தில் அந்த வீட்டு அம்மாள் மாவை வாளியில் எடுத்துக்கொண்டு ஓடியதாகவும் கதை. 1971 இல் கிளைன், சுகிஹாரா என்ற ஆய்வாளர்கள் அந்த மாவிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தார்கள். ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பிறகு பார்த்தால் அதே பாக்டீரியா ஐரோப்பிய ரொட்டி மாவுகளிலும் சாவகாசமாக வாழ்ந்துகொண்டிருந்தது!

★ கேரளத்துத் தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1880 இல் ராயல் பிஸ்கட் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1883 கிறிஸ்துமஸுக்கு முன் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றைக் காட்டி இதேபோல் செய்து தர முடியுமா என்று கேட்டாராம். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னாராம். பாபு சேர்த்தது முந்திரிப்பழமும் கதளி வாழைப்பழமும் புளித்த உள்ளூர்ச் சரக்கை. அந்தக் குடும்பத்தார் சொல்லிவரும் கதை இது. கூடவே போட்ட மசாலாவுக்கு மலபாரில் பஞ்சமா என்ன?

★ ஆப்ப மாவுக்கு ஒரு காலத்தில் உறை, கள். பாளையிலிருந்து வடியும் சாறு சில மணி நேரத்திலேயே காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட்டால் புளித்துவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீராக நிற்கும். 1987 இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தபின் ஆப்பத்தில் இளநீரும், பொட்டல ஈஸ்ட்டும், சமையல் சோடாவும் குடியேறின. கள் விட்ட ஆப்பத்தை ருசித்தவர்கள் இன்று அதைப் பற்றிப் பேசத்தான் முடியும். இலங்கையில் அந்தப் பழக்கம் இன்னும் அறுபடவில்லை.

★ இலங்கையைச் சொன்னதும் இன்னொன்று. டச்சு வம்சாவளிப் பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் காலையில் புரூடர் என்ற கேக் இருக்கும். அதைச் செய்ய வீட்டில் மாவு புளிக்கவைப்பதில்லை. பேக்கரிக்குப் போய், பொங்கிய ரொட்டி மாவையே விலைக்கு வாங்கி வந்து, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, உலர் திராட்சை சேர்த்துப் பிசைகிறார்கள். நம் ஊரில் தெருக்கோடிக் கடையில் இட்லி மாவு பாக்கெட் வாங்குவதை எவரும் குறைவாகப் பேச வேண்டியதில்லை.

★ அமெரிக்கர்களின் இலையுதிர்கால மணம் என்றால் 'பம்ப்கின் ஸ்பைஸ்'. மெக்கார்மிக் நிறுவனம் 1934 இல் இந்தப் பொடியைப் பொட்டலமாக்கியது. ஸ்டார்பக்ஸ் 2003 இல் அந்த மணத்தைக் காபியில் ஏற்றியது. பொடிக்குள் பட்டை, இஞ்சி, ஜாதிக்காய் வகையறா இருக்கும். பூசணிக்காய் மட்டும் இருக்காது.

★ சித்திரை வெயிலில் இரவு அரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழியும். ஐப்பசி, கார்த்திகையில் அதே மாவு காலை எட்டு மணிக்கும் அசையாமல் கிடக்கும். 28 முதல் 32 டிகிரி வரை இட்லி மாவுக்கு உகந்த சூடு. 10 டிகிரி குறைந்தால் நுண்ணுயிர்களின் வேலை ஏறக்குறைய பாதியாகிவிடும். கோதுமைத் தாய்மாவுக்கும் இதே கணக்கு. ஐரோப்பியப் புத்தகத்தில் 'பன்னிரண்டு மணி நேரம் விடவும்' என்று எழுதியிருப்பதை நம் கோடையில் அப்படியே பின்பற்றினால் கிடைப்பது பசை. மழைக்காலத்தில்தான் அந்தப் புத்தகங்கள் நமக்குக் கொஞ்சமாவது பொருந்துகின்றன. மசாலா பிஸ்கட் முயற்சிக்கு ஐப்பசியைத் தேர்வு செய்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

★ அவன் இல்லையா? கனமான குக்கரின் அடியில் இரண்டு விரல் உயரம் மணல் அல்லது கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடியிலிருந்து ரப்பர் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் காயவிடுங்கள். பிறகு பிஸ்கட் தட்டை உள்ளே இறக்கலாம். தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு முறை பயன்படுத்திய உப்பை அடுத்த முறைக்கும் எடுத்து வைக்கலாம், சாம்பாருக்கு மட்டும் வேண்டாம்.

★ ஒரு கணக்கு. சம எடை மாவும் தண்ணீரும் கொண்ட தாய்மாவு 60 கிராம் என்றால் அதில் 30 கிராம் தண்ணீர். பிஸ்கட்டின் மொறுமொறுப்புக்குத் தண்ணீர்தான் பகை. எனவே வேறு பாலோ தண்ணீரோ சேர்க்கக் கூடாது. கேழ்வரகு மாவு 100 கிராம் (வாசம் வரும்வரை வறுத்தது), கோதுமை மாவு 100 கிராம், வெண்ணெய் 100, நாட்டுச் சர்க்கரை 100, புளித்த மாவு 60, சுக்குப் பொடி ஒரு டீஸ்பூன், மிளகுப் பொடி கால், ஏலக்காய் நாலு, ஒரு சிட்டிகை உப்பு, சமையல் சோடா கால் டீஸ்பூன். முதலில் வெண்ணெயையும் சர்க்கரையையும் தேய்த்து, புளித்த மாவைக் கலந்து, மற்றதையெல்லாம் சேர்த்து அழுத்திப் பிசையாமல் திரட்டுங்கள். ஒரு மணி நேரம் குளிர்ச்சியில் வைத்து, வட்டமாகத் தட்டி, அவனில் 175 டிகிரியில் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். குக்கரில் மிதமான தீயில் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகலாம். சூட்டோடு எடுக்கும்போது மெத்தென்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஆறினால்தான் இறுகும்.

வீட்டில் மிஞ்சிய இட்லி மாவை ஊற்றிச் செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அதில் தண்ணீர் மிக அதிகம். அதைத் தோசையாக வார்த்துவிடுவதுதான் மாவுக்கு மரியாதை.

★ சோடா எதற்கு? வாயுவுக்கு மட்டுமில்லை. புளித்த மாவு சேர்ந்த பிஸ்கட் வெளுத்துப்போவது உண்டு. சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் வினையை 1912 இல் பிரான்சின் லூயி கமீய் மையார் விளக்கினார். புளிப்பு கூடினால் அந்த வினை மந்தமாகும். சோடா புளிப்பை ஓரளவு தணிப்பதால் நிறமும் மணமும் திரும்பி வரும். அதிகம் போட்டால் புளிப்பு முழுக்கப் போய், நாக்கில் சவர்க்காரச் சுவைதான் மிஞ்சும்.

★ டவுன் பேக்கரிகளில் வெண்ணெய் பிஸ்கட்டின் மொறுமொறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது 'அம்மோனியா' என்று அவர்கள் சொல்லும் அம்மோனியம் பைகார்பனேட். சூட்டில் முழுக்க வாயுவாகிப் பறந்துவிடும். லெப்குகனிலும் இதே சரக்கு உண்டு. மாவுப் பண்டங்களை அதிகச் சூட்டில் சுடும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002 இல் சுவீடனில் கண்டறிந்தார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகளில், அம்மோனியா சேர்த்த இஞ்சி பிஸ்கட்டில் அது கூடுவதும், ஈஸ்ட்டால் நன்கு புளித்த மாவில் குறைவதும் தெரிந்தது. அக்ரிலமைடுக்கு மூலப்பொருளான அஸ்பராஜினை ஈஸ்ட் முன்கூட்டியே தின்றுவிடுகிறது.

★ 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். புளிக்கவைத்தால் அந்தக் கட்டு தளரும். கூழ் காய்ச்சுவதற்கு முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பவர்களுக்கு இதன் பலன் ஏற்கெனவே கிடைத்துவருகிறது. பிஸ்கட்டிலும் வேண்டுமென்றால் மேலே சொன்ன கேழ்வரகு மாவில் ஒரு பங்கைத் தாய்மாவுக்கு உணவாகக் கொடுத்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். நிறம் கறுக்கும், சுவை ஆழமாகும்.

★ புளித்த மாவுக்கென்றே உலகில் ஒரு நூலகம் உண்டு. பெல்ஜியத்தின் சாங்க்ட் வித் ஊரில் புராட்டோஸ் நிறுவனம் 2013 இல் திறந்தது. நாடு நாடாகத் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தாய்மாவுகள் கண்ணாடிக் குப்பிகளில் 4 டிகிரி குளிரில் இருக்கின்றன. எந்த பேக்கரியிலிருந்து வந்ததோ அந்த பேக்கரியின் மாவைக்கொண்டே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தீனி போடுகிறார்கள்.

★ தாய்மாவின் மேல் சாம்பல் நிற நீர் நின்றால் அது பசித்திருக்கிறது என்று பொருள், கலக்கிவிட்டுத் தீனி போடலாம். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ படர்ந்தால் கொட்டிவிட வேண்டும். முகர்ந்து பார்த்து முடிவு செய்கிற விஷயமில்லை அது.

★ ஊருக்குப் போக வேண்டியிருந்தால் பொங்கிய நிலையிலுள்ள தாய்மாவைத் தட்டில் மெல்லிசாகத் தடவி, நிழலில் அப்பளம்போல் உலரவிட்டு, நொறுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைக்கலாம். மாதக்கணக்கில் தாங்கும். திரும்பி வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, இரண்டு மூன்று நாள் தீனி போட்டால் உயிர் பெறும். நேர் வெயிலில் வைக்கக் கூடாது. வடாம் காயும் மொட்டைமாடிச் சூட்டில் ஈஸ்ட் பிழைக்காது. ஐப்பசியில் இது காயவும் காயாது. பங்குனியில் செய்துகொள்ளுங்கள்.